கண்ணிலிருந்து காதுக்கு: பாஸ்கா கால நற்செய்தியை வாசிக்கத் தொடங்குவோருக்கு

தவக்காலத்தில் என்ன செய்ய வேண்டும் என்று நமக்கு நன்றாகத் தெரியும். ஒருசந்தி, சுத்தபோசனம், வெள்ளிதோறும் சிலுவைப்பாதை என்று சின்ன வயதிலேயே பழகிவிட்டோம். புனித வெள்ளியன்று கோவிலுக்குள் நிற்கக்கூட இடம் இருக்காது. சனி இரவு பாஸ்கா திருவிழிப்பு, கையில் எரியும் மெழுகுதிரி, பல வாரங்களுக்குப் பின் தொண்டை திறந்து பாடும் அல்லேலூயா. மறுநாள் வீட்டில் விருந்து. அப்புறம்? "ஈஸ்டர் முடிஞ்சாச்சு" என்று சொல்லிவிட்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிவிடுகிறோம்.

திருச்சபையின் நாள்காட்டியிலோ அந்த ஞாயிறுதான் தொடக்கம். அன்று தொடங்கிப் பெந்தக்கோஸ்து வரை ஐம்பது நாளும் பாஸ்கா காலம். 2026-ஐ எடுத்துக்கொண்டால் ஏப்ரல் 5 முதல் மே 24 வரை. இந்த ஐம்பது நாளையும் ஒரே திருநாளாக, ஒரு 'பெரிய ஞாயிறு'போலக் கொண்டாட வேண்டும் என்கிறது திருவழிபாட்டு ஒழுங்குமுறை. 'பெரிய ஞாயிறு' என்பது நான்காம் நூற்றாண்டுப் புனிதர் அத்தனாசியுசின் சொல். 325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம், இந்த நாள்களில் யாரும் முழந்தாளிடக் கூடாது, நின்றுகொண்டே செபிக்க வேண்டும் என்று சட்டமே போட்டது. உயிர்த்தவர்களின் நிலை நிற்பது என்று அந்தக் காலத்தவர்கள் நினைத்தார்கள்.

சில ஆண்டுகள் எங்கள் பங்குக் கோவிலில் திருப்பலி வாசகங்களை வாசிப்பவராக இருந்தேன். வாசகங்களை முன்கூட்டியே வீட்டில் படித்துப் பார்க்க வேண்டியிருந்ததால்தான் இந்த ஐம்பது நாளின் நற்செய்தி வாசகங்கள் ஒரு பாதையில் போகின்றன என்பது எனக்குத் தெரிய வந்தது. அந்தப் பாதையைப் புதிதாக வாசிக்க வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் அடிப்படையான ஒன்றிரண்டு செய்திகள். கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் விவிலியத்தின் கருவூலத்தை மக்களுக்கு இன்னும் தாராளமாகத் திறந்துவிடச் சொன்னது. அதன்படி 1969-இல் இந்த முறை வந்தது. அதற்கு முன் ஆண்டுதோறும் அதே வாசகங்கள்தான். இப்போது முதல் ஆண்டு, இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு என்கிறோம். ஏ, பி, சி என்றும் சொல்வதுண்டு. இது எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. ஆண்டை மூன்றால் வகுங்கள். மீதி 1 வந்தால் முதல் ஆண்டு, 2 வந்தால் இரண்டாம் ஆண்டு, மீதியின்றி வகுபட்டால் மூன்றாம் ஆண்டு. 2026-க்கு மீதி 1. ஆகவே நான் பெரும்பாலும் முதல் ஆண்டு வாசகங்களையே எடுத்துக்கொள்கிறேன்.

இன்னொன்று. பாஸ்கா காலத்தில் ஞாயிறுகளின் முதல் வாசகம் பழைய ஏற்பாட்டிலிருந்து வருவதில்லை. அந்த இடத்தில் திருத்தூதர் பணிகள் வாசிக்கப்படுகிறது. நற்செய்தியோ பெரும்பாலும் யோவான். மத்தேயுவுக்குரிய முதல் ஆண்டானாலும் மாற்குவுக்குரிய இரண்டாம் ஆண்டானாலும் லூக்காவுக்குரிய மூன்றாம் ஆண்டானாலும் இந்த ஏழு வாரம் யோவானுக்குத்தான். கீழைத் திருச்சபைகள் பலவற்றிலும் இப்படித்தான். பைசாந்திய வழிபாட்டு முறையில் உயிர்ப்புப் பெருவிழாவன்றே யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

இயேசு இல்லாத உயிர்ப்பு ஞாயிறு

உயிர்ப்பு ஞாயிறு பகல் திருப்பலியின் நற்செய்தி யோவான் 20:1-9. மூன்று ஆண்டுகளுக்கும் இதுதான். ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். உயிர்த்த இயேசு அதில் வரவே மாட்டார்.

நம் கோவிலில் பலிபீடத்தின் அருகே கொடி ஏந்திய உயிர்த்த ஆண்டவரின் சுரூபம் நிற்கும். பாட்டெல்லாம் வெற்றிப் பாட்டு. நற்செய்தியில் இருப்பதோ விடிவதற்கு முந்தைய இருட்டு, புரண்டுகிடக்கும் ஒரு கல், ஓடுகிற மூன்று பேர், கல்லறைக்குள் கிடக்கும் துணிகள். மகதலா மரியா ஓடுகிறார். பேதுருவும் இன்னொரு சீடரும் ஓடுகிறார்கள். "ஆண்டவரைக் கல்லறையிலிருந்து யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், எங்கே வைத்தார்களோ தெரியவில்லை" என்பதுதான் உயிர்ப்பு ஞாயிறு காலையில் மரியா கொண்டுவந்த செய்தி. யாரோ திருடிவிட்டார்கள் என்றுதான் அவர் நினைத்தார்.

கதை கல்லறைக்கு வந்ததும், நற்செய்தியை எழுதிய யோவான் ஒரு வேலை செய்கிறார். 'பார்த்தல்' என்பதற்கு மூலமான கிரேக்கத்தில் மூன்று வெவ்வேறு வினைச்சொற்களைப் போடுகிறார். முதலில் வந்த சீடர் குனிந்து பார்க்கிறார். துணி கிடப்பது தெரிகிறது. அடுத்து பேதுரு உள்ளே போய் உற்றுப் பார்க்கிறார். தலையைச் சுற்றியிருந்த துண்டு மற்றத் துணிகளோடு சேராமல் தனியாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அப்புறம் அந்தச் சீடர் உள்ளே போகிறார், கண்டார், நம்பினார். அவர் கண்டது அதே துணிகளைத்தான். உடனே அடுத்த வசனம், மறைநூல் சொன்னதை அவர்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை என்கிறது. நம்பிக்கை வந்துவிட்டது, புரிதல் வரவில்லை. வாசகம் அங்கேயே நின்றுவிடுகிறது.

எனக்கு இந்த வாசகத்தை மிகவும் பிடிக்கும். உயிர்ப்பின் முதல் மணி நேரம் குழப்பமாகத்தான் இருந்தது என்பதை நற்செய்தி மறைக்கவில்லை. மாற்கு இன்னும் ஒரு படி மேலே போகிறார். மிகப் பழைய கைப்பிரதிகளில் அவருடைய நற்செய்தி 16:8-இல் முடிகிறது. பெண்கள் நடுங்கிப்போய்க் கல்லறையை விட்டு ஓடினார்கள், அச்சத்தால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் ஆண்டுத் திருவிழிப்பில் மாற்குவை வாசிக்கும்போது ஏழாம் வசனத்தோடு நிறுத்திவிடுவார்கள். வீட்டுக்கு வந்து எட்டாம் வசனத்தையும் படியுங்கள். வாசகத்துக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பார்க்கும் இந்தப் பழக்கம் ஒன்றே பாதித் தியானம்.

நடுவில் விடுபட்ட ஒன்பது வசனங்கள்

அந்தப் பழக்கம் வந்துவிட்டால் ஒன்று கண்ணில் படும். உயிர்ப்பு ஞாயிறு 20:9-இல் நிற்கிறது. அடுத்த ஞாயிறு 20:19-இல் தொடங்குகிறது. நடுவில் இருப்பவை எங்கே போயின?

அங்கேதான் மகதலா மரியா ஆண்டவரைச் சந்திக்கிறார். கல்லறைக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருக்கிறார். திரும்பிப் பார்க்கிறார், இயேசு நிற்கிறார். ஆனால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தோட்டக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார். "ஐயா, நீர் அவரைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் எங்கே வைத்தீர் என்று சொல்லும், நான் எடுத்துச் செல்வேன்" என்கிறார். இறந்த ஓர் ஆணின் உடலை ஒரு பெண் தனியாக எப்படித் தூக்குவார்? அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. இயேசு ஒரே ஒரு சொல் சொல்கிறார்: "மரியா." அவ்வளவுதான். "ரபூனி" (போதகரே) என்று திரும்புகிறார்.

நேருக்கு நேர் பார்த்தபோது தெரியாதவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் தெரிந்துவிட்டார். பாஸ்கா காலம் முழுவதற்குமான திறவுகோல் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கண் ஏமாறியது, காது கண்டுகொண்டது.

இந்தப் பகுதி எண்கிழமைச் செவ்வாயன்று வாசிக்கப்படுகிறது. உயிர்ப்பு ஞாயிறு தொடங்கி எட்டு நாளும் ஒரே பெருவிழாவின் நீட்சி என்பதால் அந்த வாரத் திருப்பலிகளில் உயிர்த்த ஆண்டவரின் காட்சிகள் ஒவ்வொன்றாக வரும். ஜூலை 22-இல், மகதலா மரியாவின் நாளிலும் இது வாசிக்கப்படும். நினைவாக இருந்த அந்த நாளைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் திருத்தூதர்களுக்கு இணையான விழாவாக உயர்த்தினார். ஆனால் ஞாயிறு மட்டும் கோவிலுக்குப் போகிற ஒருவர், மூன்று ஆண்டுச் சுழற்சி முழுவதும் தவறாமல் போனாலும், மரியா பெயர் சொல்லி அழைக்கப்பட்ட காட்சியைக் கேட்க மாட்டார். உயிர்ப்பை முதலில் அறிவித்தவர் ஒரு பெண் என்பது ஞாயிறு கூட்டத்தின் காதில் விழாமலே போவது எனக்குப் பெரிய குறையாகத்தான் படுகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமை திருப்பலிக்குப் போக முடியாவிட்டாலும் வீட்டில் யோவான் 20:11-18-ஐ உரக்க வாசியுங்கள்.

தோமாவும் எம்மாவு வழியும்

இரண்டாம் ஞாயிறு எல்லா ஆண்டுகளிலும் தோமாவுக்கு உரியது. 2000-இலிருந்து இதை இறை இரக்க ஞாயிறு என்றும் கொண்டாடுகிறோம். நற்செய்தியிலேயே 'எட்டு நாள்களுக்குப் பின்' என்று வருவதால்தான் உயிர்ப்பின் எட்டாம் நாளில் இது வைக்கப்பட்டிருக்கிறது.

தோமாவைச் 'சந்தேகத் தோமா' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமில்லை. இலாசரைப் பார்க்க யூதேயாவுக்குப் போனால் உயிருக்கு ஆபத்து என்று மற்றவர்கள் தயங்கியபோது, "நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்" என்றவர் இவர்தான் (யோவான் 11:16). மற்றப் பத்துப் பேரும் கைகளையும் விலாவையும் பார்த்த பிறகுதான் மகிழ்ந்தார்கள். அதே வாசகத்தின் இருபதாம் வசனம் அதைச் சொல்கிறது. அவர்களுக்குக் கிடைத்ததைத்தான் தோமாவும் கேட்டார். இன்னொன்றையும் கவனியுங்கள். விரலை இடு, கையை இடு என்று இயேசு சொல்கிறார். தோமா தொட்டார் என்று நற்செய்தியில் எங்கும் எழுதியிருக்கவில்லை. தொடுவதை ஓவியர்கள்தான் வரைந்தார்கள். நற்செய்தியில் இருப்பது "நீரே என் ஆண்டவர், நீரே என் கடவுள்" என்ற அறிக்கை மட்டுமே.

என்னை ஆண்டுதோறும் நிறுத்துவது அந்த நடு வாரம். நம்பிய பத்துப் பேர், நம்பாத ஒருவர், ஒரே வீடு, ஏழு நாள். அவரை அவர்கள் வெளியே அனுப்பவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு போகவில்லை. எட்டாம் நாள் எல்லாரும் ஒன்றாக இருந்தார்கள், அதனால்தான் அவரும் கண்டார். குடும்பத்தில் கோவிலுக்கு வருவதை நிறுத்திவிட்ட ஒரு பிள்ளை இருக்கிற வீடுகளில் இந்த வாசகத்தை மெதுவாக வாசிக்கலாம்.

சென்னைக்காரர்களுக்கு இந்த ஞாயிறு இன்னும் நெருக்கமானது. தோமா கி.பி. 52-இல் இந்தியக் கரைக்கு வந்து, 72-இல் பரங்கிமலையில் கொல்லப்பட்டு, சாந்தோமில் அடக்கம் செய்யப்பட்டார் என்பது வழிவழியாக வரும் மரபு. பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்ற ஒருவரின் பெயரில் நம்மூரில் ஒரு மலையே இருக்கிறது. போக முடிந்தால் அந்த வாரம் மலைக்குப் போய் யோவான் 20-ஐ வாசித்துப் பாருங்கள், நான் போயிருக்கிறேன்.

மூன்றாம் ஞாயிறு, முதல் ஆண்டில், எம்மாவு. லூக்கா 24:13-35. எருசலேமிலிருந்து ஏறத்தாழ பதினொரு கிலோமீட்டர். இருவர் நடக்கிறார்கள், ஒருவர் பெயர் கிளயோப்பா, இன்னொருவர் பெயர் இல்லை. வழியில் சேர்ந்துகொண்ட மூன்றாமவரிடம் "அவர் இஸ்ரயேலை மீட்பார் என்று எதிர்பார்த்திருந்தோம்" என்கிறார்கள். அந்த 'எதிர்பார்த்திருந்தோம்' என்ற இறந்தகாலம்தான் இந்த வாசகத்தின் நெஞ்சு. எங்கள் அப்பா இறந்தது ஒரு தவக்காலத்தில். அந்த ஆண்டு இந்த வாசகம் வந்தபோது அதற்குமேல் ஒரு வரியும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்து அந்த ஒரு சொல்லைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று எனக்கு அதுதான் செபம்.

பிறகு, அடுத்த முறை எம்மாவு வந்தபோது, மற்றவையும் கண்ணில் பட்டன. அவர்களின் கதையை இயேசு முழுவதும் கேட்கிறார், அப்புறம்தான் பேசுகிறார். மறைநூலை விளக்குகிறார், பந்தியில் அப்பத்தைப் பிட்கிறார். வார்த்தை, பிறகு அப்பம். நம் திருப்பலியும் இதே வரிசையில்தான் நடக்கிறது. அடையாளம் கண்டதுமே அவர் மறைந்துவிடுகிறார். அவர்கள் சொல்வது: "வழியிலே அவர் நம்மோடு பேசியபோது நம் உள்ளம் பற்றி எரியவில்லையா?" இங்கேயும் அப்படித்தான். முகத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தபோது தெரியவில்லை. பேச்சைக் கேட்டபோதே உள்ளுக்குள் தெரிந்திருக்கிறது.

இந்த வாசகத்தின் கடைசியில் ஒரு சின்ன வரி உண்டு, பலரும் தாண்டிப் போய்விடுவார்கள். இருவரும் எருசலேமுக்குத் திரும்பியதும் அங்கிருந்தவர்கள், "ஆண்டவர் உண்மையாகவே உயிர்த்தெழுந்தார், சீமோனுக்கும் தோன்றினார்" என்கிறார்கள். சீமோனுக்கு, அதாவது பேதுருவுக்கு, எப்போது தோன்றினார்? என்ன பேசினார்? நான்கு நற்செய்திகளிலும் அந்தக் காட்சி இல்லை. மூன்று முறை மறுதலித்தவரும் மறுக்கப்பட்டவரும் முதலில் சந்தித்ததை யாரும் எழுதி வைக்கவில்லை. அதை நினைத்துக்கொண்டு ஒரு மாலை முழுவதும் உட்கார்ந்திருக்கலாம்.

மூன்றாம் ஆண்டில் இதே ஞாயிறு யோவான் 21-க்குப் போகும். திபேரியக் கடல், ஏழு சீடர்கள், இரவெல்லாம் வலைவீசியும் ஒன்றும் இல்லை. கரையில் நிற்பவர் யாரென்று இங்கேயும் தெரியவில்லை. அவர் கேட்கும் கேள்வியைத் திருவிவிலியத்தில் "பிள்ளைகளே, மீன் ஒன்றும் படவில்லையா?" என்று போட்டிருக்கிறார்கள். மீன் 'படுவது' கடற்கரைப் பேச்சு. அங்கே அந்தச் சொல்லை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு அப்பத்தோடு சேர்த்துச் சாப்பிடுவது, நம் பேச்சில் சொன்னால் தொட்டுக்கொள்ள இருப்பது, என்று பொருள். "தொட்டுக்க ஏதாச்சும் இருக்கா?" என்று ஒருவர் கரையிலிருந்து கேட்பதாகக் கற்பனை செய்யுங்கள். உயிர்த்த ஆண்டவரின் பேச்சு அவ்வளவு சாதாரணமானது.

கரைக்கு வந்தால் கரிநெருப்பு எரிகிறது. பழைய மொழிபெயர்ப்பில் 'கரிநெருப்பு' என்ற சொல் யோவான் நற்செய்தியில் இன்னோர் இடத்திலும் வரும், 18:18-இல். தலைமைக் குருவின் முற்றத்தில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே, தான் அவருடைய சீடன் இல்லை என்று மறுத்த இடம். கிரேக்கத்திலும் இந்தச் சொல் புதிய ஏற்பாட்டில் இந்த இரண்டு இடங்களில்தான் வருகிறது. அதே கரி வாசனை. அங்கே மூன்று முறை மறுப்பு, இங்கே "நீ என்மீது அன்பு கொண்டிருக்கிறாயா?" என்று மூன்று முறை கேள்வி. பழையதை இயேசு வாய்விட்டு ஒரு சொல்கூடச் சொல்லிக் காட்டவில்லை. நெருப்பை மூட்டி, காலைச் சாப்பாட்டைப் போட்டுவிட்டு, அப்புறம் கேட்டார்.

நான்காம் ஞாயிறு நல்லாயன் ஞாயிறு. 1964-இலிருந்து இறையழைத்தலுக்காகச் செபிக்கும் நாளும் கூட. யோவான் 10-ஐ மூன்றாகப் பிரித்து மூன்று ஆண்டுகளுக்கும் கொடுத்திருக்கிறார்கள். முதல் ஆண்டில் பத்தாம் வசனத்தோடு நிற்பதால் "நல்ல ஆயன் நானே" என்ற வரி அன்று வராது. "ஆடுகளுக்கு வாயில் நானே" என்பதுதான் வரும். மறையுரையில் ஆயனைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்தால் வாயிலைத் தவறவிட்டுவிடுவோம். இந்த வாசகத்தில் அதிகம் வருவது குரல். ஆடுகள் அவரது குரலைக் கேட்கின்றன, பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், அந்நியர் குரலை அவை அறியா. கல்லறைத் தோட்டத்தில் "மரியா" என்று கேட்ட அதே குரல். செவ்வாய்க்கிழமையைத் தவறவிடாதவர்களுக்கு இங்கே மனத்துக்குள் ஒரு மணி அடிக்கும்.

உயிர்த்த பிறகு ஏன் மறுபடியும் இராவுணவு?

தொடங்குவோர் பெரும்பாலும் குழம்புவது ஐந்தாம் ஞாயிற்றில்தான். முதல் ஆண்டில் யோவான் 14:1-12. "நீங்கள் உள்ளம் கலங்க வேண்டாம்." இது இயேசு இறப்பதற்கு முந்தைய இரவு பேசியது. ஆறாம் ஞாயிறும் அதே இரவு. ஏழாம் ஞாயிற்றுக்கு உரிய வாசகமும் அதே இரவில் அவர் வேண்டிய வேண்டுதல்தான். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளிலும் 13 முதல் 17 வரையிலான அதிகாரங்களிலிருந்தே எடுக்கிறார்கள். உயிர்த்துவிட்டார் என்று நான்கு வாரம் கொண்டாடிவிட்டு மறுபடி வியாழக்கிழமை இரவுக்கு ஏன் போக வேண்டும்?

இது 1969-இல் புதிதாக வந்த ஏற்பாடும் இல்லை. பழைய ஓராண்டு முறையிலும் பாஸ்காவுக்குப் பிந்தைய ஞாயிறுகளில் யோவான் 16 வாசிக்கப்பட்டது. காரணம் வாசிக்க வாசிக்கப் புரியும். ஊருக்குப் போகும் அம்மா வாசலில் நின்று சொல்லும் பேச்சு, சொல்கிறபோது பாதிதான் காதில் விழும். பேருந்து கிளம்பிய பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். சீடர்களுக்கும் அன்று ஒன்றும் புரியவில்லை. அந்த இரவு "நீர் எங்கே போகிறீர் என்றே எங்களுக்குத் தெரியாது, வழி மட்டும் எப்படித் தெரியும்?" என்று கேட்டது யார் தெரியுமா? தோமாதான். மூன்று வாரத்துக்கு முன் காயத்தைக் காட்டச் சொன்னவர், இந்த ஞாயிறு வழியைக் கேட்கிறார். அவர் கேட்டதால்தான் "வழியும் உண்மையும் வாழ்வும் நானே" என்ற விடை நமக்குக் கிடைத்தது.

அந்தப் பேச்சில் துணையாளர் என்ற சொல் நான்கு முறை வருகிறது. பழைய மொழிபெயர்ப்பில் தேற்றரவாளன். கிரேக்கச் சொல்லுக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்படி அழைக்கப்பட்டவர் என்று பொருள். இரண்டு தமிழ்ச் சொல்லையும் சேர்த்து வைத்துக்கொண்டால் பொருள் நிறைகிறது. ஆறாம் ஞாயிற்றில் அதோடு சேர்ந்து வருவது "நான் உங்களைத் திக்கற்றவர்களாக விடமாட்டேன்" என்ற வாக்கு. இந்த வாக்கு கண்ணால் காணப் போகிறவர்களுக்குத் தேவையில்லை. இனிக் காண முடியாதவர்களுக்குத்தான் தேவை, அதாவது நமக்கு.

பாதை இப்போது தெரிகிறதா? முதல் மூன்று ஞாயிறு காட்சிகள். நான்காவதில் குரல். அப்புறம் வெறும் சொற்கள் மட்டும். கண்ணால் கண்டவர்களிலிருந்து தொடங்கி, காதால் கேட்டு நம்ப வேண்டியவர்களிடம் நற்செய்தி வந்து சேர்கிறது. "காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர்" என்று இரண்டாம் ஞாயிற்றில் சொன்னதை மற்ற வாரங்கள் பயிற்சியாகவே கொடுக்கின்றன.

எப்படி உட்கார்ந்து வாசிப்பது

பன்னிரண்டாம் நூற்றாண்டில் கார்த்தூசியத் துறவி இரண்டாம் குய்கோ இறை வாசிப்பை நான்கு படிகளாக எழுதினார்: வாசித்தல், தியானித்தல், வேண்டுதல், இறைவனில் அமர்ந்திருத்தல். பெயர்களுக்குப் பயப்பட வேண்டாம். நான் செய்வதைச் சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை அடுத்த நாள் நற்செய்தியை உரக்க ஒருமுறை வாசிக்கிறேன். மனத்துக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், வாய் ஓடாது. அப்புறம் விவிலியத்தைத் திறந்து அதற்கு முந்தைய ஐந்து வசனம், பிந்தைய ஐந்து வசனம் பார்க்கிறேன். என்ன நேரம், எந்த இடம், யார் யாரை அடையாளம் காணவில்லை என்று கேட்டுக்கொள்கிறேன். பாஸ்கா காலத்தில் இந்த மூன்றாவது கேள்வி ஏதாவது ஒன்றைக் கொண்டுவரும். ஒரு வினைச்சொல்லையோ ஒரு கேள்வியையோ எடுத்துக் குறிப்பேட்டில் எழுதி, அந்த வாரம் முழுவதும் வைத்துக்கொள்கிறேன். ஒன்றும் தோன்றாத வாரங்களும் உண்டு. அப்போது வாசகத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடுவேன்.

ஒரு தவறைத் தவிருங்கள். நான்கு நற்செய்திகளையும் ஒரே கதையாகத் தைக்க முயல வேண்டாம். மத்தேயுவில் பதினொரு சீடர்களும் கலிலேயா மலையில் ஆண்டவரைச் சந்திக்கிறார்கள். லூக்காவில் எல்லாம் எருசலேமிலும் அதைச் சுற்றியுமே நடக்கிறது. இந்த வேறுபாடுகளைச் சரிசெய்ய உட்கார்ந்தால் தியானம் கணக்குப் பாடமாகிவிடும். ஒவ்வொருவரும் எதைச் சொல்ல விரும்பினார் என்று தனித்தனியே கேட்டுக்கொள்ளலாம்.

அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்திலும் இதைச் செய்யலாம். ஒருவர் வாசிக்க, ஐந்து நிமிடம் அமைதி, பிறகு ஒவ்வொருவரும் தன்னைத் தொட்ட ஒரு சொல்லை மட்டும் சொல்வது. விளக்கம் வேண்டாம். எங்கள் தெருக் கூட்டத்தில் அதிகம் படிக்காத பாட்டி ஒருவர் எம்மாவு வாசகத்துக்குப் பிறகு "எங்களோடு தங்கும்" என்றார். அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை.

மலையும் அறையும்

விண்ணேற்றப் பெருவிழா நாற்பதாம் நாள் வியாழனில் வர வேண்டியது. இந்தியாவில் அதை அடுத்த ஞாயிற்றுக்கு மாற்றிக் கொண்டாடுகிறோம். ஆகவே ஏழாம் ஞாயிற்றின் யோவான் 17 நமக்கு ஞாயிற்றில் கிடைப்பதில்லை, வார நாள்களில்தான் கிடைக்கிறது. முதல் ஆண்டின் விண்ணேற்ற நற்செய்தி மத்தேயுவின் கடைசி ஐந்து வசனங்கள். சீடர்கள் மலையில் அவரைப் பணிந்தார்கள், "சிலரோ ஐயுற்றார்கள்." கடைசி நாளில், கடைசி மலையில், பணிந்துகொண்டே ஐயப்படுகிறவர்கள். அவர்களை நம்பித்தான் "நீங்கள் போய் எல்லா மக்களினத்தாரையும் சீடராக்குங்கள்" என்கிறார் ஆண்டவர். ஐயம் தீர்ந்தவர்கள் மட்டும் போங்கள் என்று சொல்லவில்லை.

ஐம்பதாம் நாள் பெந்தக்கோஸ்து. முதல் வாசகத்தில் பெருங்காற்றும் நெருப்பு நாவுகளும் இருக்கும். நற்செய்தி யோவான் 20:19-23. இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றும். ஆமாம், இரண்டாம் ஞாயிறு கேட்ட அதே வாசகத்தின் முற்பகுதி. அதே மாலை, அதே பூட்டிய கதவு, அதே "உங்களுக்கு அமைதி உரித்தாகுக." அன்று நம் கவனமெல்லாம் தோமாவின் மீது இருந்ததால் தாண்டிவந்த ஒரு வரி இப்போது தனியாக நிற்கும்: அவர்கள்மேல் ஊதினார். தொடக்கநூலில் மண்ணால் செய்த மனிதனின் நாசிக்குள் கடவுள் ஊதிய அதே செயல்.

அன்று மாலைச் செபம் முடிந்ததும் பாஸ்கா மெழுகுதிரியை அணைத்துப் பலிபீடத்தருகிலிருந்து எடுத்துத் திருமுழுக்குத் தொட்டியின் பக்கம் கொண்டுபோய் வைப்பார்கள். இனிக் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு நடக்கும்போதும், நம்மில் ஒருவரின் உடலை அடக்கத்துக்கு முன் கோவிலுக்குக் கொண்டுவரும்போதும், அதை ஏற்றுவார்கள்.